மூஸ் வேட்டைக்குச் சன்னம் தெரிவு செய்வது

நோர்வேயில் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணிய நம்முடைய பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, எந்தத் துவக்கு வாங்கலாம்?" என்றுதான். .308 போதுமா, 9.3 வேண்டுமா, மூஸ் என்கிற பெரிய காட்டு மானுக்கு 6.5 சின்னதா என்று குழல் அளவைப் பற்றியே அரை மணித்தியாலம் பேசுவார்கள். தோட்டாவின் நுனியில் இருக்கிற சன்னம் எந்த வகை என்று கேட்கிறவர் குறைவு. கடையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் ஓஸ்தர்டாலன் பள்ளத்தாக்கில் ஒரு வேட்டைக் குழுவில் இருக்கிறேன். இறைச்சி வெட்டுவது என் தொழில். ஆகவே குழு சுடும் மூஸைத் தோலுரித்துத் துண்டு பிரிப்பதும் என் பொறுப்பாகிவிட்டது. சன்னம் எங்கே புகுந்தது, எந்த எலும்பை உடைத்தது, எங்கே நின்றது என்று ஒவ்வொரு உடலிலும் பார்ப்பேன். உள்ளே கிடைத்த சன்னத்தைக் கழுவி, நிறுத்து, தீப்பெட்டியில் போட்டு, துவக்கு, தூரம், பட்ட இடம் எல்லாம் மேலே எழுதி வைப்பேன். கீழே சொல்வதில் பாதி புத்தகத்தில் படித்தது, மற்றப் பாதி அந்தத் தீப்பெட்டிகளிலிருந்து வந்தது.

மூஸ் எதனால் விழுகிறது

சன்னம் மிருகத்தைத் தள்ளி விழுத்தும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். .308 துவக்கில் 11.7 கிராம் சன்னம் 100 மீற்றரில் செக்கனுக்குச் சுமார் 730 மீற்றர் வேகத்தில் போகும். அதன் உந்தம் முழுவதும் 400 கிலோ மூஸுக்கு மாறினாலும், அந்த உடல் நகரும் வேகம் செக்கனுக்கு 2 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். பட்ட உடனே மூஸ் சரிந்தால், நரம்பு அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். தள்ளுப்பட்டு விழவில்லை.

மூளையோ முள்ளந்தண்டோ உடைந்தால் நின்ற இடத்திலேயே விழும். ஆனால் தலைக்குக் குறிவைக்கக் கூடாது. மூளை சின்ன இலக்கு, எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். கொஞ்சம் தவறினால் தாடை உடைந்த மூஸ் காட்டுக்குள் போய்ப் பட்டினியில் சாகும். நாம் குறிவைப்பது நெஞ்சுக்கூட்டுக்கு. நுரையீரலும் இதயமும் அவற்றைச் சுற்றிய பெரிய இரத்தக் குழாய்களும் கிழிந்து, இரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்கு ஒக்சிசன் நின்றுபோய் மிருகம் சாகிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இதயத்தில் பட்டாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஒக்சிசனில் பத்துப் பதினைந்து செக்கன் ஓடலாம். இரண்டு நுரையீரலும் துளைபட்ட பெரிய ஆண் மூஸ், ஒன்றும் நடக்காதது மாதிரி தலையைத் தூக்கிப் பார்த்தபடி நிற்கிறதும் உண்டு. அப்படி நின்றால் "தவறிவிட்டதோ" என்று யோசிக்காதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றி அதே இடத்தில் இன்னொன்று வையுங்கள். விழும்வரை சுடுவதுதான் எங்கள் குழுவின் விதி.

ஆக, சன்னம் தோலையும் விலாவையும், சில வேளை தோள் எலும்பையும் தாண்ட வேண்டும். தாண்டும்போது விரிந்து, தன் அகலத்தை விடப் பெரிய வழியைத் திறக்க வேண்டும். அந்த வழி இரண்டு நுரையீரலையும் கடக்க வேண்டும். முடிந்தால் மறுபக்கத் தோலையும் கிழித்து வெளியே வர வேண்டும். இங்கேதான் சிக்கல்: விரிவும் ஊடுருவலும் ஒன்றையொன்று தின்னும். அதிகமாக விரிகிற சன்னம் சீக்கிரம் நின்றுவிடும். விரியாத சன்னம் மெல்லிய துளை ஒன்றைப் போட்டுவிட்டு மறுபக்கத்தால் போய்விடும். சன்னம் செய்கிறவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

விரியும் சன்னத்தைப் போரில் பாவிக்கக் கூடாது என்று 1899 ஹேக் பிரகடனம் தடை செய்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் செய்த சன்னங்களால் எழுந்த விவாதம் அது. வேட்டையில் சட்டம் நேர்மாறு. நோர்வேயில் மூஸைச் சுட விரியும் சன்னம் கட்டாயம், நுனிவரை செப்பு மூடிய, விரியாத முழு உறைச் சன்னம் கூடாது. போரைப் பார்த்துவிட்டு வந்த நம்மவர்களுக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஆனால் வெறும் துளையோடு தப்பிப்போகும் மூஸ் நாட்கணக்கில் வேதனைப்படும். அதைத் தவிர்க்கத்தான் இந்த விதி.

சன்னத்தின் உள்ளே

பழைய வகைதான் இன்னும் அதிகம் விற்கிறது: ஈயக் கரு, அதைச் சுற்றிச் செப்பு உறை, நுனியில் ஈயம் வெளியே தெரியும். இதைத்தான் மென்முனைச் சன்னம் என்போம். பட்டதும் முன்பக்கம் காளான் போல விரியும். கருவும் உறையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. ஆகவே வேகமாகப் போய் எலும்பில் பட்டால் இரண்டும் பிரியும், ஈயம் துகள்களாகச் சிதறும். மூன்றில் ஒரு பங்கு, சில வேளை பாதி எடையைக்கூட இழந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு இந்த வகையை ஒதுக்கிவிடாதீர்கள். மெதுவான, நீளமான சன்னமாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். 1894இல் சுவீடனும் நோர்வேயும் இராணுவத்துக்கு எடுத்த 6.5×55 தோட்டா, 10.1 கிராம் மென்முனைச் சன்னத்தோடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மூஸை விழுத்திக்கொண்டிருக்கிறது. அது சின்னக் குழல்தான். ஆனால் அதன் சன்னம் மெலிந்து நீண்டது, வேகமும் அளவானது. அதனால் சிதறாமல் ஆழமாகப் போகிறது.

சிதறும் பிரச்சினைக்கு முதலில் நல்ல தீர்வு கண்டவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஜோன் நோஸ்லர். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் சுட்ட ஒரு மூஸுக்குள் சன்னங்கள் ஆழமாகப் போகவில்லை. அந்த மனவருத்தத்தில் அவர் செய்ததுதான் பார்ட்டிஷன் சன்னம், 1948இல் நிறுவனமும் தொடங்கினார். சன்னத்தின் நடுவில் செம்பினால் ஒரு குறுக்குச் சுவர் இருக்கும். முன்பாதி விரிந்து கரைந்தாலும் பின்பாதி முழுசாக உள்ளே போகும்.

அடுத்தது பிணைப்புச் சன்னம். ஈயக் கருவை உறையோடு உருக்கி ஒட்டிவிடுவார்கள். நோர்மா ஒரிக்ஸ், நோஸ்லர் அக்யூபொண்ட் எல்லாம் இந்த வகை. எங்கள் குழுவில் அதிகம் பேர் பாவிப்பது இதைத்தான். தோள் எலும்பை உடைத்துக்கொண்டு போய், மறுபக்கத் தோலுக்கு அடியில் பெரும்பாலான எடையோடு நிற்கும்.

கடைசியாக முழுச் செம்பு. பார்ன்ஸ் நிறுவனத்தின் ராண்டி புரூக்ஸ் 1989இல் சந்தைக்குக் கொண்டுவந்த எக்ஸ் சன்னம் இதற்கு வழி திறந்தது. இப்போது லப்புவா நச்சுராலிஸ், நோர்மா இக்கோஸ்ட்ரைக் என்று நிறைய உண்டு. ஈயமே கிடையாது. நுனியில் ஒரு குழி இருக்கும், பட்டதும் அது இதழ்களாகப் பிளந்து பின்னால் மடங்கும். எடை அநேகமாகக் குறையாது. செம்பு மூஸை ஈயம் அளவுக்குக் கொல்லாது என்று வயதான வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். நோர்டிக் மூஸ் வேட்டையில் இரண்டையும் ஒப்பிட்டு 2019இல் அம்பியோ ஆய்விதழில் வந்த கட்டுரை, பட்ட பிறகு மூஸ் ஓடிய தூரத்தில் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை என்றே முடிவு சொல்கிறது. வெட்டும் மேசையில் நான் பார்த்ததும் அதுதான்.

வேகத்தோடு பொருத்துங்கள்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு சன்னம் நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. அது எந்த வேகத்தில் மிருகத்தைத் தொடும் என்பதோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

.300 வின்செஸ்டர் மாக்னம் என்ற வேகமான துவக்கை வாங்கி, அதில் சாதாரண மென்முனைச் சன்னம் போட்டு, நாய் குரைத்து நிறுத்தி வைத்த மூஸை 30 மீற்றரில் சுடுகிறீர்கள் என்று வையுங்கள். சன்னம் செக்கனுக்கு 900 மீற்றர் அளவில் போய்த் தோளில் மோதும். மோதிய இடத்திலேயே வெடித்தது மாதிரிச் சிதறும். வெளியே பார்த்தால் பயங்கரமான காயம். உள்ளே திறந்தால் நுரையீரலில் சில துகள் மட்டும். தோள் இறைச்சி முழுவதும் இரத்தம் உறைந்து நாசமாகியிருக்கும். அதே தோட்டாவில் பிணைப்புச் சன்னமோ செம்போ இருந்திருந்தால் அந்த மூஸ் சில அடியில் விழுந்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. செம்பு விரிய வேகம் வேண்டும். செக்கனுக்கு 600 மீற்றருக்குக் கீழே வரும்போது பல செம்புச் சன்னங்கள் தயங்கத் தொடங்கும், விரிந்தாலும் அரைகுறையாக விரியும். .308இலிருந்து 11.7 கிராம் ஈயச் சன்னம் குழல் வாயில் செக்கனுக்கு 800 மீற்றர் அளவில் புறப்பட்டு, 200 மீற்றரில் 660 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே செம்புக்குப் போனால் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9க்கும் சற்றுக் கீழே. அதே எடைச் செம்புச் சன்னம் அதிக நீளமாக இருக்கும், தோட்டாவுக்குள் இடத்தை அடைக்கும், குழலின் உட்சுவரில் சன்னத்தைச் சுழற்றிவிடும் முறுக்கு போதாவிட்டால் நேராகவும் போகாது. .308இல் ஈயத்துக்கு 11.7 கிராம் என்றால் செம்புக்கு 10.7 எடுங்கள். எடை குறைந்தாலும் அது சிதறாது, அதனால் ஆழத்தில் ஒரு குறையும் வராது.

நீங்கள் எப்படி வேட்டையாடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாயோடு போனால் 30 முதல் 60 மீற்றர். காவல் இடத்தில் இருந்து, மற்றவர்கள் கலைத்துக்கொண்டு வருவதைச் சுட்டால் 100 மீற்றருக்குள். ஓஸ்தர்டாலன் மாதிரி அடர்ந்த ஊசியிலைக் காட்டில் அதற்கு மேல் பார்க்கவே கிடைக்காது. இந்தத் தூரத்துக்கு .308, .30-06, 6.5×55 எல்லாவற்றிலும் ஒரு பிணைப்புச் சன்னம் தாராளமாகப் போதும். 1905இல் பெர்லின் துவக்குத் தொழிலாளி ஓட்டோ பொக் அமைத்த 9.3×62 மெதுவாகவும் கனமாகவும் சுடும். அதில் சாதாரண மென்முனைச் சன்னமே அழகாக வேலை செய்யும், இறைச்சியும் குறைவாகவே சேதமாகும். ஹர்டாங்கர்வித்தா மேட்டுநிலத்தில் கலைமான் சுடப் போகிறீர்களா? அங்கே தூரம் கூடும், மிருகமும் சின்னது. அதற்குச் சீக்கிரம் விரிகிற, பிளாஸ்டிக் நுனி வைத்த சன்னம் எடுங்கள். ஒரே பெட்டியை இரண்டு வேட்டைக்கும் வைத்திருக்க வேண்டாம்.

சட்டக் கணக்கும் இங்கே வருகிறது. மூஸுக்கு நோர்வே விதி: சன்னம் 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் 100 மீற்றரில் குறைந்தது 2200 ஜூல் சக்தி வேண்டும். 9க்கும் 10க்கும் நடுவில் என்றால் 2700 ஜூல். கிலோவில் எடை, பெருக்கல் வேகம், பெருக்கல் வேகம், வகுத்தல் 2. 10.1 கிராம் 6.5 சன்னம் 100 மீற்றரில் செக்கனுக்கு 700 மீற்றர் வைத்திருந்தால் 0.0101 × 700 × 700 ÷ 2, அதாவது சுமார் 2475 ஜூல். சரி, தாண்டிவிட்டது. 100 மீற்றர் வேகம் பெட்டியின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். வாங்கும் முன் கடையிலேயே பாருங்கள். ஆனால் ஜூல் சட்டத்துக்கு வேண்டிய எண் மட்டும்தான். அந்த மாக்னம் உதாரணத்தில் ஜூல் மலைபோல இருந்தும் காயம் தோளோடு நின்றுவிட்டது.

எங்கே வைப்பது

மூஸ் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருங்கள். முன்னங்காலின் பின்கோட்டை மேலே பிடித்துக்கொண்டு வாருங்கள். நெஞ்சின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் இரண்டு நுரையீரலும் இருக்கின்றன, சற்றுக் கீழே இதயம். மூஸின் முதுகுத் திமிலைப் பார்த்து உடல் முழுவதும் நெஞ்சு என்று நினைத்து மேலே சுடுகிறார்கள். திமிலுக்குள் இருப்பது முள்ளந்தண்டிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட எலும்புகள். அங்கே பட்டால் மூஸ் தடால் என்று விழும். எல்லோரும் சந்தோஷப்படுவோம். பிறகு அது எழுந்து ஓடிவிடும், கண்டுபிடிப்பதும் பெரும்பாடு. பட்ட உடனே விழுகிற மூஸ்மேல் ஸ்கோப்பை எடுக்காமல் வைத்திருங்கள்.

சற்றுச் சாய்ந்து நின்றால், சன்னம் எங்கே புகும் என்பதை விட எங்கே வெளியே வரும் என்று யோசியுங்கள். மறுபக்க முன்னங்கால் இருக்கும் இடத்தை நோக்கி வழியைக் கற்பனை செய்து சுடுங்கள். பின்பக்கத்திலிருந்து நீளவாட்டில் சுட வேண்டாம், எந்தச் சன்னமாக இருந்தாலும் சரி. நேருக்கு நேர் நிற்பதையும் புதியவர்கள் விட்டுவிடுங்கள்.

பிணைப்புச் சன்னமும் செம்பும் பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வரும். இரத்தத் தடம் கிடைக்கும் என்பதால் அது நல்லதுதான். ஆனால் தாய் மூஸுக்குப் பின்னால் கன்று நிற்கலாம். அதற்கும் பின்னால் காட்டுப் பாதை இருக்கலாம். மிருகத்துக்குப் பின்னால் மண் மேடு தெரியாவிட்டால் சுடாதீர்கள்.

சுட்ட பிறகு

சுட்ட இடத்தையும் மூஸ் நின்ற இடத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிவிட்டால் பின்னால் பாயாதீர்கள். நின்ற இடத்துக்கு மெதுவாகப் போய் முடியையும் இரத்தத்தையும் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அருகிலேயே படுத்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். பச்சையாக அரைத்த இலை கலந்திருந்தால் இரைப்பை. இந்தக் கடைசி இரண்டுக்கும் சில மணித்தியாலம் விட்டுவிட வேண்டும். கலைத்தால் மைல் கணக்கில் போகும், விட்டால் கிட்டவே படுத்துவிடும். மூஸ் வேட்டைக்குப் போகும்போது நாலு மணித்தியாலத்துக்குள் வரக்கூடிய, அங்கீகாரம் பெற்ற தேடும் நாய் ஏற்பாடாகியிருக்க வேண்டும் என்பதும் நோர்வே விதி. அந்த நாய்க்காரரின் தொலைபேசி எண் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

வெட்டும் மேசையில் படிப்பது

தோலுரிக்கும்போது பத்து நிமிடம் கூடுதலாக எடுங்கள். புகுந்த துளை, விலாவின் உட்பக்கத் துளை, நுரையீரலில் வழி, வெளிவந்த துளை என்று வரிசையாகப் பாருங்கள். புகுந்த இடத்திலேயே பெரிய குழி, உள்ளே வழி குறுகிப்போகிறது என்றால் சன்னம் உங்கள் வேகத்துக்கு மென்மையானது. இரண்டு பக்கமும் விரல் நுழையாத சின்னத் துளை, நுரையீரலிலும் மெல்லிய வழி என்றால் சன்னம் விரியவில்லை, உங்கள் தூரத்துக்குக் கடினமானது. நுரையீரல் வழி கைமுட்டி போகிற அளவு, வெளியேறும் துளை ஒன்றிரண்டு விரல் அகலம் என்றால் அந்தப் பெட்டியை மாற்ற வேண்டாம்.

மறுபக்கத் தோலுக்கு அடியில் சன்னம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சமையல் தராசில் நிறுங்கள், அகலத்தை அளவுகோலால் அளவுங்கள். .308 சன்னத்தின் அகலம் 7.8 மில்லிமீற்றர். விரிந்த பிறகு 13 முதல் 16 வரை இருந்தால் எனக்குத் திருப்தி.

ஈயச் சன்னம் பாவித்தால் இறைச்சியைப் பற்றிக் கட்டாயம் யோசியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள் காயத்திலிருந்து தூரம் வரை போகும், கழுவினால் போகாது. நான் நிறம் மாறிய இறைச்சியையும், அதைச் சுற்றி இன்னும் பத்து சென்ரிமீற்றரையும் வெட்டி எறிகிறேன். நாய்க்கும் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்கு ஈயத்தால் சுட்ட இறைச்சி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் ஈயத்தையே தடை செய்துவிட்டது. இங்கே சட்டம் கேட்காவிட்டாலும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் செம்பையே சொல்கிறேன். துவக்கை முதலிலிருந்தே அதற்குப் பழக்கிவிடலாம்.

வகை மாற்றும்போது குழலில் படிந்த பழைய செம்பைக் கரைசல் போட்டு முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். பழைய படிவின்மேல் புதிய சன்னத்தைச் சுட்டால் குறி அலையும். பிறகு 100 மீற்றரில் ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். வருடாந்தச் சுடும் தேர்வில் கலைமான் உருவத்தின்மேல் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடி வைக்க வேண்டும். அதை வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவால் செய்யுங்கள், மலிவான பயிற்சித் தோட்டாவால் வேண்டாம். நல்லது என்று பட்டால் அதே தொகுதி எண்ணுள்ள பெட்டிகளில் ஒரு பருவத்துக்குத் தேவையானதை ஒரேயடியாக வாங்கி வையுங்கள். செப்டெம்பர் 25 மூஸ் வேட்டை தொடங்கும் வாரத்தில் கடைக்குப் போனால் உங்கள் சன்னம் அலுமாரியில் இருக்காது.